ஒளித்தட்டும் உப்புக் காற்றும்

மன்னார் வளைகுடாவின் பார்களில் விளைந்த முத்துச் சிப்பியொன்றை எடுத்து, அதன் உட்புறத்தை வெயிலுக்குச் சற்றே சாய்த்துப் பிடித்தால், வெண்மையான அப்பரப்பின்மீது செம்மையும் பசுமையும் நீலமும் மாறி மாறி ஓடுவதைக் காணலாம். தூத்துக்குடிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. அந்த வர்ணங்களுக்குச் சாயம் எதுவும் காரணமன்று. ஏறத்தாழ அரை மைக்ரான் கனமுள்ள சுண்ணாம்பு ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கணக்கின்றிப் படிந்திருப்பதும், அவ்வேடுகளின் விளிம்புகள் மேற்பரப்பிலே நுண்ணிய கோடுகளாக வரிசையிட்டு நிற்பதுமே வெள்ளொளியைப் பிரித்து நமக்கு அந்த ஜாலத்தைக் காட்டுகின்றன. ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1814இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஒரு பரீட்சையை விவரித்தார்: சிப்பியின் உட்புறத்தைக் கறுப்பு மெழுகிலே அழுத்தி எடுத்தால், மெழுகும் அதே வர்ணங்களைக் காட்டுகிறது. பொருள் மாறியும் வர்ணம் மாறாமையால், பொருளைக் காட்டிலும் அதன்மேலுள்ள கோடுகளின் அமைப்பே இங்கு முக்கியம் என்பது பிரத்யட்சமாயிற்று. 1930களில் நம் சி. வி. ராமனும் சிப்பிகளின் இந்த ஒளிவிசேஷத்தைத் தனியே எடுத்துக்கொண்டு நுணுகி ஆராய்ந்திருக்கிறார்.

அச்சிப்பிக்கு அருகிலே ஒரு டிவிடி தட்டை வைத்துச் சாய்த்துப் பார்ப்பவர்களுக்கு, இரண்டும் ஒரே நியதிக்கு உட்பட்டவை என்பது உடனே விளங்கும். தட்டின் உட்சுற்றிலே தொடங்கி வெளிச்சுற்று வரையில் சுருளாகச் செல்லும் ஒற்றைத் தடம் அதில் பதிந்திருக்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையேயுள்ள தூரம் 740 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ 1,350 கோடுகள். பழைய சிடி தட்டில் இவ்விடைவெளி 1,600 நானோமீட்டர். ஆகையால் நேரே விழும் செவ்வொளியைச் சிடி தட்டு சுமார் 24 பாகை விலக்கி அனுப்ப, டிவிடி தட்டு 61 பாகை வரையில் விலக்கி அனுப்புகிறது. ஒரே விளக்கின் கீழ் இரண்டையும் பிடித்தால் டிவிடியின் வர்ணங்கள் அதிகமாக விரிந்து தெரிவதற்கு இதுவே காரணம். தடத்தை நீட்டி அளந்தால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வரும். அத்தனை நீளத்தையும் வழுவாமல் பின்பற்ற, டிவிடி ரைட்டர் இதே ஒளிப்பிரிவைத்தான் நம்பியிருக்கிறது: தடத்தின் கரைகளால் பக்கவாட்டில் சிதறும் ஒளியும் நேரே திரும்பும் ஒளியும் லென்ஸிலே கலந்து, இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்ட ஓர் ஒளியுணரியின்மேல் விழுகின்றன, லென்ஸ் தடத்தினின்று இம்மி விலகினாலும் ஒரு பாதி பிரகாசமாகவும் மறு பாதி மங்கலாகவும் ஆகிவிடும், அந்த ஏற்றத்தாழ்வே மின்சாரமாக மாறி, லென்ஸைச் சுமந்திருக்கும் சிறு கம்பிச்சுருளை இழுத்துப் பழைய இடத்தில் நிறுத்துகிறது.

இவ்வளவு சூட்சுமமான ஓர் உபகரணம் பழுதாகி, அதற்குப் பதிலாகப் புதிதொன்றை வாங்கிப் பழைய கணினியிலே பொருத்தும்போது, அது சில சமயம் கணினியின் கண்ணுக்கே தெரியாமற்போகிறது. சில சமயம் தெரிந்தும் எழுத மறுக்கிறது. சில சமயம் எழுதி முடித்த தட்டு வேறெங்கும் ஓடுவதில்லை. அந்தச் சங்கடத்தின் காரண காரியங்களை ஒழுங்காக ஆராய வேண்டியிருப்பதற்கு, இக்கரையோரத்தில் தனியானதொரு நியாயமும் உண்டு.

தூத்துக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலும் கல்யாணங்களும் பூப்புனித நீராட்டு விழாக்களும் முதல் நற்கருணை வைபவங்களும், ஆகஸ்டு 5ஆம் தேதி நிறைவுறும் பனிமய மாதா திருவிழாவும், 2000களில் வீடியோவாகப் பதிவுசெய்யப்பட்டுத் தட்டுகளாகத்தான் வீடுகளுக்கு வந்தன. கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் முகமும், இன்று இல்லாத பாட்டியின் குரலும் அந்தத் தட்டுகளில் மட்டுமே மிஞ்சியிருக்கும் குடும்பங்கள் உண்டு. அவற்றைத் தயாரித்த ஸ்டூடியோக்காரர்களில் பலர் பழைய பென்டியம் கணினியை இன்னும் கைவிடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், வீடியோ கேமராவின் மினி டிவி நாடாக்களிலிருந்து படத்தை இறக்கும் கேப்சர் கார்டும் அதற்கேற்ற மென்பொருளும் புதிய கணினிகளில் ஓடாமையே. இதன்மேல், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை வந்து சேர்ந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நகரின் பல தெருக்களிலே நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. வெள்ளத்தில் நனைந்த தட்டுகளை நல்ல தண்ணீரில் அலசி, மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்து உலர்த்தினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வட்டமாகத் துடைக்கலாகாது: வட்டமாக விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே ஓடித் தொடர்ச்சியாகப் பல செய்திகளை அழிக்கும், நேராக விழும் கீறலோ ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு துளியை மட்டுமே பாதிப்பதால், தட்டிலேயே சேர்த்து எழுதப்பட்டிருக்கும் பிழைதிருத்தக் கணக்கு அதைச் சரிசெய்துவிடும்.

புதிய ரைட்டர் வாங்குமுன், பழையது மெய்யாகவே இறந்துவிட்டதா என்று பார்த்தல் அவசியம். கடற்கரையின் காற்று இங்கே ஒரு கதாபாத்திரம். சுத்தமான சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாக நீரை உறிஞ்சிக் கரையும். ஆனால் உப்பளத்தில் உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரிலே நிறைந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு, 33 சதவீத ஈரத்திலேயே கசிந்துவிடும். கடல் தெறிப்பிலும் உப்பளப் புழுதியிலும் இரண்டும் கலந்தே வருகின்றன. தூத்துக்குடியின் காற்றோ பெரும்பாலும் அந்தக் கீழெல்லைக்கு மேலேதான் ஈரமாயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அப்புழுதி கணினிக்குள் புகுந்து, உலோக முனைகளிலே ஈரப்படலமாகப் படிந்து, மின்சாரம் ஓடுகையில் மெல்ல மெல்ல அரிக்கிறது. உட்பக்கத்து லென்ஸின்மேல் படிந்தால் அதன் விளைவு வேறு. தட்டின் பரப்பில் ஒரு தூசி இருந்தால் பெரிய கேடில்லை. ஏனெனில் லேசர் கிரணம் தட்டுக்குள் நுழையும் இடத்தில் அரை மில்லிமீட்டர் அகலமுள்ளது, 0.6 மில்லிமீட்டர் ஆழம் சென்ற பின்னரே சுமார் ஒரு மைக்ரான் புள்ளியாகக் குவிகிறது. அந்த அகலத்தில் ஒரு தூசியின் நிழல் அற்பம். லென்ஸின்மேல் முழுவதுமாகப் படரும் உப்புப் படலமோ கிரணம் அனைத்தையும் கலங்கச் செய்கிறது. படிக்கிற வேலை இதனால் தடுமாறும். அதைவிட அதிக வலிமையுள்ள ஒளியை வேண்டும் எழுதுகிற வேலை முதலில் நின்றுவிடும். சிடியைப் படிக்கிறது, டிவிடியை மட்டும் படிக்கவில்லை என்ற அறிகுறியைக் கண்டால், 650 நானோமீட்டர் செவ்வொளி லேசர் தனியே மெலிந்துவிட்டது என்று ஊகிக்கலாம். சிடிக்கு வேண்டிய 780 நானோமீட்டர் லேசர் வேறு. டிரே வெளியே வராமல் முக்கினால், பெரும்பாலும் உள்ளேயுள்ள ரப்பர் பெல்ட் தளர்ந்ததே காரணம்.

லேசர்தான் போயிற்று என்று நிச்சயமானால், புதியதை வாங்கத்தான் வேண்டும். முதல் முட்டுக்கட்டை கடையிலேயே எதிர்ப்படுகிறது. பழைய கணினியின் மதர்போர்டில் இருப்பது ஐடிஇ எனப்படும் அகன்ற 40 முனைச் செருகி. இன்று விற்கும் ரைட்டர்களோ 7 முனைகளே கொண்ட ஒடுங்கிய சாட்டா வகை. 16 பிட்டுகளை ஒரே சமயத்தில் பக்கம் பக்கமாக அனுப்பும் பழைய முறையில், வேகம் கூடக்கூட ஒரு கம்பியின் துடிப்பு அடுத்த கம்பியில் எதிரொலித்ததால், 2003இலிருந்து உலகம் ஒற்றைச் சாரியாக, ஆனால் மிக வேகமாக அனுப்பும் சாட்டாவுக்கு மாறியது. பழைய ஐடிஇ ரைட்டர் ஒன்று சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய சரக்காகக் கிடைத்தால் அதுவே நேரான வழி. கிடைக்காவிட்டால், இரண்டுக்கும் நடுவே நின்று ஒன்றின் பேச்சை மற்றொன்றுக்கு மாற்றிச் சொல்லும் கன்வெர்ட்டர் அட்டை ஒன்று வேண்டும். அதை வாங்கும்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டுமா, டிவிடிக்கும் ஆகுமா? ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் கட்டளைகள் வேறு. தட்டு செருகப்பட்டதா, டிரே திறக்கட்டுமா, எழுதும் சக்தி எவ்வளவு என்பவை போன்ற டிவிடியின் கட்டளைகளைப் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிற அடாப்பி என்னும் ஏற்பாடு வேறு. முன்னதை மட்டும் அறிந்த மலிவான அட்டைகள் சந்தையில் உண்டு. ஆரம்பகால மதர்போர்டுகளின் சாட்டா சிப்புகளிலும் சில அப்படிப்பட்டவையே. அத்தகையவற்றில் எவ்வளவு உயர்ந்த ரைட்டரை மாட்டினாலும் அது தெரியாது. வாங்கியவர் ரைட்டரைக் குறை கூறித் திருப்பிக் கொடுப்பார்.

யுஎஸ்பியில் மாட்டும் ரைட்டர் போதாதா என்று கேட்கலாம். கணினியில் இருப்பது யுஎஸ்பி 2.0 ஆனால் அது நல்ல யோசனையே. அதற்கும் முந்திய 1.1 ஆயிருந்தால், நொடிக்கு 12 மெகாபிட், அதாவது ஒன்றரை மெகாபைட்டுக்கு மேல் கனவிலும் போகாது. டிவிடியின் மிகக் குறைந்த வேகத்துக்கே நொடிக்கு 1.385 மெகாபைட் தேவை. அன்றியும் ஒரு யுஎஸ்பி முனை தரும் 2.5 வாட் மின்சாரம் எழுதும் லேசருக்குப் பெரும்பாலும் போதாமையால்தான் அவ்வகை ரைட்டர்களில் பல, இரு முனைகளில் செருகும் கேபிளோடு வருகின்றன.

ஐடிஇ ரைட்டரே கிடைத்துவிட்டது என்று கொண்டால், அதன் பின்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆடியோ செருகிக்கும் அகன்ற செருகிக்கும் இடையில் மூன்று ஜோடி ஊசிகள் நிற்கும். எம்ஏ, எஸ்எல், சிஎஸ் என்ற எழுத்துகள் பிளாஸ்டிக்கிலே புடைத்து இருக்கும். அவற்றில் ஒரு ஜோடியின்மேல் நகத்தளவே உள்ள கறுப்புத் தொப்பியொன்று, ஜம்பர், மாட்டியிருக்கும். ஒரே ரிப்பன் கேபிளில் இரண்டு சாதனங்கள் இருக்கலாம். எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்பதை அந்த ஜம்பர்தான் தீர்மானிக்கிறது. இரண்டும் தம்மை மாஸ்டர் என்றே சொல்லிக்கொண்டால், கணினி ஒன்றையும் அறியாது. சில வேளை ஹார்ட் டிஸ்க்கும் கூடவே மறைந்து, வீட்டாரைக் கலங்க வைத்துவிடும். ரைட்டரை ஹார்ட் டிஸ்க்கோடு சேர்க்காமல், இரண்டாவது ஐடிஇ செருகியில் தனியே, கேபிளின் கடைக்கோடி முனையில் மாஸ்டராக மாட்டுவதுதான் என் அபிப்பிராயத்தில் உத்தமம். ஒரே கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு சாதனமே பேச முடியும் என்பதால், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படித்து ரைட்டருக்கு எழுதும் வேலை தனித்தனிக் கேபிள்களில் தடையின்றி நடக்கும். கேபிளின் ஓரத்துச் சிவப்புக் கோடு முதல் ஊசியின் பக்கம் இருக்க வேண்டும். ஐடிஇ ரைட்டர்களில் அது பெரும்பாலும் மின்சாரச் செருகியை ஒட்டிய பக்கமே. 80 இழைகள் கொண்ட கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கும், கறுப்பு முனை மாஸ்டருக்கும், நடுவிலுள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கும் உரியவை. செருகியில் முனைகள் 40 ஆயிருக்க இழைகள் 80 ஏன் என்றால், பாதி இழைகள் செய்தியைச் சுமப்பதில்லை. ஒவ்வொரு செய்தி இழைக்கும் நடுவே தரையிணைப்பாக நின்று, மேலே சொன்ன எதிரொலியை அடக்குகின்றன.

பழைய கேபிளையே திரும்ப உபயோகிப்பவர்கள் அதன் முனைகளை ஒருமுறை நோக்க வேண்டும். இக்கரையில் பல ஆண்டுகள் இருந்த கணினியில், வெள்ளீயம் பூசிய மின்சார முனைகள் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினாலே, உலோகம் உலோகத்தோடு உராய்ந்து மேற்படலம் நீங்கித் தொடர்பு திரும்பும்.

மின்சாரம் பற்றி இன்னும் ஒன்று. ரைட்டருக்கு இரு வகை அழுத்தங்கள் போகின்றன: தட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட், லேசருக்கும் சிப்புகளுக்கும் 5 வோல்ட். 16 மடங்கு வேகத்தில் எழுதும்போது தட்டின் விளிம்பிலே தடம் நொடிக்கு 55 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. தட்டு நிமிடத்துக்கு 9,000 தடவைக்கு மேல் சுழல்கிறது. அவ்வேளையில் கணினிக்கு மின்சாரம் வழங்கும் பழைய எஸ்எம்பிஎஸ், உள்ளேயுள்ள மின்தேக்கிகள் வறண்டுபோனதாக இருந்தால், சுமை தாங்காமல் தளரும். மல்டிமீட்டரின் முனைகளைக் காலியாக உள்ள நான்கு முனைச் செருகியில் வைத்து, எழுதும் நேரத்தில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: மஞ்சள் கம்பியில் 11.4 வோல்ட்டுக்கும், சிவப்புக் கம்பியில் 4.75 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் குற்றம் ரைட்டருடையதன்று. சாட்டா ரைட்டருக்கு மின்சாரம் கொடுக்க நான்கு முனையிலிருந்து மாற்றும் இணைப்பு வாங்குபவர்கள், கம்பிகளைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையைத் தவிர்க்க வேண்டும். அதனுள்ளே கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கி நின்று, ஈரமும் உப்பும் சேர்ந்தால் பொறி பறந்து எரிந்துவிடும் அபாயம் உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே கடித்துப் பிடிக்கப்பட்ட வகையே பாதுகாப்பானது.

இத்தனைக்கும் பின் கணினியை இயக்கினால், முதலில், விண்டோஸுக்கு முன்பே எழும் பயோஸ் திரையில் ரைட்டரின் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே வராவிட்டால் விண்டோஸை எவ்வளவு நோண்டியும் பிரயோஜனமில்லை. வன்பொருளுக்கே திரும்ப வேண்டும். பல ஆண்டுகள் மூலையில் கிடந்த கணினியில், மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்து, பயோஸ் தன் அமைப்புகளை மறந்து, தேதியும் பின்னோக்கிப் போயிருக்கும். இரண்டாவது ஐடிஇ வழி அணைந்து கிடப்பதும் சகஜம். பேட்டரியை மாற்றி, அந்த வழியைத் திறந்துவிட்டாலே சிலருடைய கவலை தீர்ந்துவிடுகிறது.

பயோஸில் தெரிந்து, விண்டோஸிலும் தெரிந்து, ஆனால் எழுதும் வேலை மட்டும் நத்தையாக நகர்ந்து, கணினியே உறைந்ததுபோல் ஆகும் நிலைமையைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், இதன் காரணம் எங்கும் எழுதி ஒட்டப்பட்டிருப்பதில்லை. ரைட்டருக்கும் கணினியின் நினைவகத்துக்கும் இடையே செய்தி போக இரு முறைகள் உண்டு. பிஐஓ என்ற பழைய முறையில், கணினியின் மூளையாகிய பிராசஸரே ஒவ்வோர் இரண்டு பைட்டையும் தானே எடுத்துத் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறது. டிஎம்ஏ என்ற பின்வந்த முறையில், எங்கிருந்து எவ்வளவு என்று சொல்லிவிட்டு பிராசஸர் தன் வேலையைப் பார்க்க, ஒரு துணைச் சிப்பு அந்தப் போக்குவரத்தை நடத்துகிறது. துறைமுகத்தில் சரக்கு மேலாளர் ஒவ்வொரு மூட்டையையும் தாமே தலையில் சுமந்து கப்பலுக்கு ஏற்றுவதற்கும், கன்வேயரை ஓடவிட்டு மேற்பார்வை மட்டும் செய்வதற்கும் உள்ள வேற்றுமை இது. 4 மடங்கு வேகத்தில் எழுதவே நொடிக்கு 5.5 மெகாபைட் வேண்டும். பிஐஓ முறையில் அது நொடிக்கு 27 லட்சத்துக்கும் மேற்பட்ட தனித்தனி எடுப்புகள். 16 மடங்குக்கு நொடிக்கு 22 மெகாபைட் வேண்டும். பிஐஓவின் உச்சமோ ஏட்டளவிலேயே 16.6 மெகாபைட், எனவே அது இயலாத காரியம். அல்ட்ரா டிஎம்ஏயின் இரண்டாம் படியில் 33 மெகாபைட் கிடைப்பதால் சிரமமே இல்லை.

அப்படியானால் புதிய ரைட்டர் ஏன் பழைய முறைக்கு விழுகிறது? விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு விதி பதிந்துள்ளது: அந்த வழியில் செய்தி சிதைந்தோ, காலம் தாழ்ந்தோ மொத்தம் ஆறு பிழைகள் சேர்ந்துவிட்டால், வேகத்தை ஒரு படி குறைத்து, பிழைகள் தொடர்ந்தால் இறுதியில் பிஐஓவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பழைய ரைட்டர் சாகும் தறுவாயில், அல்லது உப்பேறிய கேபிள் தடுமாறிய காலத்தில் சேர்ந்த பிழைகளால் விழுந்த அந்தத் தண்டனை, ரைட்டரை மாற்றிய பின்னும் அந்த வழியின்மேலேயே நின்றுவிடலாம்; குற்றம் செய்தது போய்விட்டது, தண்டனை புதியதன்மேல் விழுகிறது. தீர்வு எளிது: டிவைஸ் மேனேஜரில் செகண்டரி ஐடிஇ சேனலைத் திறந்து எந்த முறையில் ஓடுகிறது என்று பார்த்து, பிஐஓ என்று இருந்தால் அந்தச் சேனலையே அன்இன்ஸ்டால் செய்து, கணினியை மறுபடி இயக்கினால், விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுகொண்டு டிஎம்ஏயில் தொடங்கும். சில நாட்களில் மீண்டும் பிஐஓவுக்கே விழுந்தால், கேபிளை மாற்றியே தீர வேண்டும். விண்டோஸ் பொய் சொல்லவில்லை.

பயோஸில் தெரிந்தும் விண்டோஸில் மஞ்சள் குறியோடு நிற்கும் ரைட்டரின் கதை வேறு. முன்பு நிறுவி நீக்கிய தட்டு எழுதும் மென்பொருள்கள், விண்டோஸின் அமைப்புப் பதிவேடாகிய ரெஜிஸ்ட்ரியில் டிவிடி வகைக்குரிய இடத்தில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற பெயர்களில் தங்கள் சுவடுகளை விட்டுச் செல்வது உண்டு. இல்லாத கோப்பைத் தேடி விண்டோஸ் நின்றுபோகிறது. ரெஜிஸ்ட்ரியின் பிரதியொன்றை எடுத்து வைத்துவிட்டு அவ்விரு மதிப்புகளையும் நீக்கினால் ரைட்டர் உயிர்பெறும். குற்றம் விண்டோஸிலா, வன்பொருளிலா என்று சந்தேகம் இருந்தால், சென்னையிலுள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற ஒன்றைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்ப்பது நல்ல பரீட்சை. பென் டிரைவிலிருந்து தொடங்கத் தெரியாத மிகப் பழைய கணினியானால், ரைட்டரை இன்னொரு கணினியில் மாட்டிப் பார்க்க வேண்டியதுதான். எக்ஸ்பி தானாகச் சிடி மட்டும் எழுதத் தெரிந்தது, வெற்று டிவிடி தட்டில் எழுத அதற்குத் தனி மென்பொருள் வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். சினிமா தட்டுகளைப் போட்டுப் பார்ப்பவர்களிடம் புதிய ரைட்டர் மண்டல எண்ணைக் கேட்டால் 5 என்று கொடுக்க வேண்டும். இந்தியாவும் இலங்கையும் அதிலேயே அடங்கும். அதை மொத்தம் ஐந்து தடவைதான் மாற்ற முடியும்.

எல்லாம் சரியாகி எழுதத் தொடங்கினால், வெற்றுத் தட்டுக்கும் ரைட்டருக்கும் இடையிலும் ஒரு சங்கேதம் நடக்கிறது. எழுதக்கூடிய தட்டில், சினிமா தட்டுகளில் உள்ளவை போன்ற குழிகள் இல்லை. ஒரு சாய அடுக்கு உண்டு. லேசர் அதைச் சூடாக்கிச் சிதைத்து, ஒளியைக் குறைவாகத் திருப்பும் அடையாளங்களை உண்டாக்குகிறது. மிகச் சிறிய அடையாளத்தின் நீளம் 0.4 மைக்ரான். எவ்வளவு சக்தி, எத்தனை நானோநொடித் துடிப்பு என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரின் சாயத்துக்கும் வேறு. வெற்றுத் தடத்திலேயே முன்னதாகப் பதிந்துள்ள தயாரிப்பாளர் குறியைப் படித்து, தன் உள்ளமைந்த மென்பொருளாகிய ஃபர்ம்வேரிலுள்ள பட்டியலில் தேடி, ரைட்டர் அதற்கான முறையை எடுத்துக்கொள்கிறது. பின்னர்த் தட்டின் உட்கோடியில் இதற்கென ஒதுக்கிய இடத்திலே சில சக்திகளில் எழுதிப் பார்த்து, எது சுத்தமாகப் பதிகிறதோ அதைத் தேர்ந்துகொள்கிறது. பட்டியலில் இல்லாத தட்டானால் பொதுவான முறையில் எழுதும். விளைவு சுமாராகவே இருக்கும். ரைட்டரைத் தயாரித்தவர்கள் வெளியிட்ட கடைசி ஃபர்ம்வேரை ஏற்றுவதற்கும், பெயரற்ற மலிவுத் தட்டுகளைத் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம். உச்ச வேகத்தில் எழுதாமல் 4 அல்லது 8 மடங்கில் எழுதுவது நல்லது. தட்டு அதிர்வது குறைகிறது, பழைய எஸ்எம்பிஎஸ் மூச்சு விடுகிறது.

ரைட்டர் ஓடத் தொடங்கியதும் அதைக் கொண்டு முதலில் செய்ய வேண்டியது எழுதுவதன்று, படிப்பது. சாயத் தட்டுகள் வெப்பத்திலும் ஈரத்திலும் வெயிலிலும் மங்குகின்றன. தகர டிரங்குப் பெட்டியிலும், கடலைப் பார்த்த ஜன்னலோர அலமாரியிலும் 15, 20 ஆண்டுகள் இருந்தவற்றில் வெளிச்சுற்று முதலில் கெடுவது வழக்கம். ஆகவே ஊதா நிறத்தில் அடர்ந்து தெரிபவற்றைப் பின்னுக்கு வைத்து, வெளிறியவற்றையும் விளிம்பில் பசை விட்டவற்றையும் முதலில் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். ஒரு தடவை படிக்க மறுத்த தட்டை வேறு ரைட்டரில் வைத்தால் படிப்பதும் உண்டு, ஏனெனில் லென்ஸும் பிழைதிருத்தமும் ஒவ்வொன்றிலும் சற்றே வேறுபடுகின்றன. மாற்றிய கோப்புகளைப் புதிய தட்டில் எழுதினால், எழுதியதும் மென்பொருளின் சரிபார்ப்பை ஓடவிட்டு, அதன்பின் இன்னொரு கணினியிலும் ஒரு முறை திறந்து பார்த்து, இரண்டாவது பிரதியொன்றை வேறு வகைத் தட்டிலோ வேறு ஹார்ட் டிஸ்க்கிலோ வைத்து, தட்டின்மேல் கூரிய பேனாவால் எழுதாமல் மென்மையான மார்க்கரால் பெயரும் தேதியும் எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில், தரைத்தளத்துக்கு மேலே வைக்க வேண்டும்.